கடற்கரையில் நிற்கப்போகும் 30 கிலோவாட் சார்ஜர்: கணக்கை எங்கே தொடங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் வைத்துவிடுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் புரிய வேண்டும். ராமநாதபுரத்தில் நண்பர்கள் சேர்ந்து மின்கார் சார்ஜருக்கான 30 கிலோவாட் மாட்யூல் செய்கிறீர்கள். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாக ராமேசுவரம் வரை சாலையோரத்தில் அதை நிறுவ எண்ணம். வெளியீடு 200 முதல் 1000 வோல்ட், அதிகபட்சம் 100 ஆம்பியர். உள்ளே வரும் மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றித்தர எல்எல்சி வகை ஒத்ததிர்வு மாற்றி ஒன்றை வடிவமைத்தீர்கள். கணினியில் நல்ல திறன் காட்டியது. மேசையில் ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் கொதிக்கிறது. ஒத்ததிர்வு அதிர்வெண்ணை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியாகாது. 200 முதல் 1000 வரையிலான முழு மின்னழுத்த வீச்சையும் ஒரே ஒத்ததிர்வுச் சுற்றின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். அதிர்வெண்ணை எங்கே நகர்த்தினாலும் அந்தச் சுமை குறையாது. கடற்கரையில் ஓட்டும் கருவி என்பதால் இந்தப் பிழைக்கு நீங்கள் இரண்டு மடங்கு விலை கொடுப்பீர்கள். ஏன் என்பதற்குப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் அரிமானச் சோதனை நிலையம் பல்லாண்டுகளாக இருக்கிறது. உலோகம் எவ்வளவு விரைவில் அரிக்கப்படும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் தேடி வரும் இடத்தில்தான் நீங்கள் சார்ஜரை நிறுத்தப்போகிறீர்கள். சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாக நீர் உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ சுமார் 33 சதவீதத்திலேயே ஈரமாகிவிடும். ஆகவே நம் கரையில் பலகை மேல் படியும் உப்புப்படலம் உச்சி வெயிலிலும் முழுக்கக் காய்வதில்லை. அந்த ஈரப்படலம் மின்சாரத்தைக் கடத்தும். 850 வோல்ட் இருக்கும் இரு செம்புத் தடங்களுக்கு நடுவே அது படர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விசிறி வைத்து வெளிக்காற்றை நேரே பலகை மேல் ஊதும் மாட்யூல் ஒன்றைப் பாம்பனுக்கு அருகே நிறுவ நானே உதவியிருக்கிறேன். ஓராண்டு முடிவதற்குள் திறந்து பார்த்தோம். விசிறிக்கு எதிரே, மின்சுவிட்சுகளை இயக்கும் கேட் டிரைவர் பகுதி முழுவதும் வெண்பூச்சு. மாஸ்ஃபெட் எனும் அந்தச் சுவிட்சுகளில் இரண்டு வெடித்திருந்தன. சுற்று வடிவமைப்பில் குறையே இல்லை. உள்ளே விட்ட காற்றுதான் அதைக் கொன்றது. அன்றிலிருந்து இந்தக் கரைக்கு வரும் எந்தக் கருவியிலும் மின்னணுப் பகுதிக்குள் வெளிக்காற்று நுழையக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பெட்டியை மூடினால் உப்பு நின்றுவிடும், வெப்பமும் உள்ளேயே நின்றுவிடும். கணக்கைப் பாருங்கள். உங்கள் மாட்யூல் இரண்டு சேர்ந்த 60 கிலோவாட் சார்ஜர் மொத்தம் 96 சதவீதத் திறனில் ஓடினால் 2.5 கிலோவாட் வெப்பமாகிறது. ஐந்து சதுர மீட்டர் வெளிப்பரப்புள்ள எஃகுப் பெட்டியின் உள்ளே வெளியைவிட 20 டிகிரி கூடுதலாக இருந்தால்கூட, சுவர் வழியே இயல்பாக வெளியேறுவது ஏறத்தாழ அரை கிலோவாட்தான். வெயில் பட்டால் அதுவும் குறையும். மீதியைக் குளிர்தகடு, திரவக் குழாய், பின்புறத்தில் தனிக் காற்றுவழி கொண்ட வெப்பத்துடுப்பு என்று ஏதாவது ஒன்று சுமந்தாக வேண்டும். 30 கிலோவாட் மாட்யூலில் திறன் 96இலிருந்து 97 ஆனால் 320 வாட் வெப்பம் குறைகிறது. குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் கருவிக்கு அது மின்கட்டணக் கணக்கு. மூடிய பெட்டிக்கு அது பிழைப்பதா, போவதா என்ற கணக்கு.

இப்போது எல்எல்சிக்கு வருவோம். தொடர் மின்தூண்டி ஒன்று, தொடர் மின்தேக்கி ஒன்று, டிரான்ஸ்பார்மரின் காந்தமாக்கும் தூண்டல் ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சுற்று. கரைவலை இழுப்பவர்கள் அலை கரையேறும் நேரம் பார்த்துக் கயிற்றை இழுப்பார்கள். பாரத்தில் பாதியை அலையே சுமந்து வரும். அதுபோல, சுற்றில் ஊசலாடும் மின்னோட்டம் மாஸ்ஃபெட்டின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தைச் சுழிக்கு (பூச்சியத்துக்கு) கொண்டுவந்த பிறகே நாம் அதை இயக்குகிறோம். இயக்கும் நொடியில் ஏற்படும் இழப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட்டுகளை 150 கிலோஹெர்ட்ஸில் 15 கிலோவாட்டுக்கு அமைதியாக ஓட்ட முடிவது இதனால்தான்.

இந்த அமைதி இலவசமாகக் கிடைப்பதில்லை. மின்னழுத்தத்தைச் சுழிக்கு இழுக்கும் வேலையைச் செய்வது காந்தமாக்கும் மின்னோட்டம். அது சுமைக்குப் போவதில்லை; சுற்றுக்குள்ளேயே சுழன்று கம்பியையும் மாஸ்ஃபெட்டையும் சூடாக்குகிறது. வெளியீட்டு மின்னழுத்தத்தை அதிர்வெண்ணைக் கொண்டே அகலமாக மாற்ற வேண்டுமென்றால் காந்தமாக்கும் தூண்டலைச் சிறிதாக்கியாக வேண்டும். சிறிதாக்கினால் சுழலும் மின்னோட்டம் பெருகும். 15 கிலோவாட், முதன்மைப் பக்கம் 750 வோல்ட், 149 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமை மின்னோட்டம் சுமார் 22 ஆம்பியர். காந்தமாக்கும் தூண்டல் 30 மைக்ரோ ஹென்றி என்றால் சுழலும் மின்னோட்டம் மட்டும் 24 ஆம்பியர். இரண்டும் 90 டிகிரி விலகியிருப்பதால் மொத்தம் 33 ஆம்பியர் ஆகிறது. கடத்தல் இழப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. தூண்டலை 100 மைக்ரோ ஹென்றி ஆக்கினால் சுழல்வது 7 ஆம்பியர், மொத்தம் 23, கடத்தல் இழப்பில் கூடுவது பத்து சதவீத அளவுதான். உங்கள் டிரான்ஸ்பார்மர் கொதிப்பது இதனால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். நீங்கள் அனுப்பிய எண்களில் அந்தத் தூண்டல் 28 மைக்ரோ ஹென்றி.

ஆகவே வீச்சைப் பிரித்துக் கொடுங்கள். மூன்று தோள்கள் இருக்கின்றன.

ஒன்று, டிசி பஸ்; அதாவது திருத்திக்கும் எல்எல்சிக்கும் நடுவே இருக்கும் நேர்த்திசை மின்தடம். முன்பகுதியில் இருக்கும் மூன்று கட்டத் திருத்தி 415 வோல்ட் வழித்தடத்தை வாங்குகிறது. அதன் உச்சம் 587 வோல்ட். பத்து சதவீதம் ஏறினால் 646. எனவே பஸ்ஸை 650க்குக் கீழே இறக்க முடியாது. 1200 வோல்ட் மாஸ்ஃபெட்டுகளுக்கு 850 வரை பாதுகாப்பாக ஏற்றலாம். பலரும் 800 என்று பூட்டி வைத்துவிடுகிறார்கள். பூட்டாதீர்கள். வெளியீடு கேட்பதற்கு ஏற்பப் பஸ் 650க்கும் 850க்கும் நடுவே நகரட்டும்.

இரண்டு, 30 கிலோவாட்டை 15 கிலோவாட் கொண்ட இரு தனி எல்எல்சிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 200 முதல் 500 வோல்ட், 50 ஆம்பியர் வரை தரட்டும். கார் 500 வோல்ட்டுக்குள் கேட்டால் இரண்டையும் இணையாகவும், அதற்கு மேல் கேட்டால் தொடராகவும் இணையுங்கள். ஐந்து மடங்கு வீச்சு இரண்டரை மடங்காகச் சுருங்குகிறது. அதைப் பஸ்ஸின் 1.3 மடங்கால் வகுத்தால், மூன்றாவது தோளான அதிர்வெண்ணுக்கு மிஞ்சுவது இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவு.

டிரான்ஸ்பார்மரின் கம்பிச்சுற்று விகிதத்தை 2க்கு 1 என வையுங்கள். அப்போது 325 முதல் 425 வோல்ட் வரை பஸ் மட்டுமே நகரும். எல்எல்சி சரியாக ஒத்ததிர்வுப் புள்ளியில் அசையாமல் நிற்கும். நம் சாலைகளில் ஓடும் மின்கார்களில் பெரும்பாலானவை 400 வோல்ட் வகை. சார்ஜ் ஏறும் நேரத்தில் பெரும்பகுதியும் அவற்றின் பேட்டரி இந்த எல்லைக்குள்ளோ அதன் ஓரத்திலோதான் இருக்கும். தொடர் இணைப்பில் அதே புள்ளி 650 முதல் 850 வோல்ட் ஆகிறது; 800 வோல்ட் வகைக் கார்களும் பேருந்துகளும் அங்கே வந்துவிடுகின்றன. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் ஓடி வந்து வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கு உங்கள் கருவி விடியவிடிய முழுச் சுமையில் ஓடும். அந்த மணிக்கணக்கான ஓட்டம் எந்தப் புள்ளியில் நடக்கிறதோ, அங்கே இழப்பு மிகக் குறைவாக இருக்கும்படி வடிவமைப்பதுதான் வேலை. ஓரங்களில் கொஞ்சம் சூடானால் பொறுத்துக்கொள்ளலாம்.

எண்களைத் தருகிறேன். 375 வோல்ட்டில் 15 கிலோவாட் என்றால் சுமையின் சம மாறுதிசை மின்தடை, முதன்மைப் பக்கத்திலிருந்து பார்க்க, ஏறத்தாழ 30 ஓம். சுற்றின் இயல்பு மின்மறுப்பை இந்த மின்தடையால் வகுத்தால் வருவது தரக் காரணி; அதை 0.4 என எடுத்தால் இயல்பு மின்மறுப்பு 12 ஓம். தொடர் தூண்டி 13 மைக்ரோ ஹென்றி, தொடர் மின்தேக்கி 88 நானோ ஃபாரட்; ஒத்ததிர்வு 149 கிலோஹெர்ட்ஸில் விழும். காந்தமாக்கும் தூண்டல் 100 மைக்ரோ ஹென்றி. இனி ஓரங்களைச் சோதியுங்கள். பாடநூல் எடுத்துக்காட்டுகள் இங்கேதான் கைவிட்டுவிடுகின்றன.

மேல் ஓரம் 500 வோல்ட். பஸ் 850இல் இருக்கும்போது தேவைப்படும் பெருக்கம் (ஒத்ததிர்வுப் புள்ளியில் கிடைப்பதைப்போல் எத்தனை மடங்கு என்பது) 1.18. திறன் மாறாமல் மின்னழுத்தம் ஏறுவதால் அங்கே மின்னோட்டம் குறைவு. தரக் காரணி 0.23க்கு இறங்கிவிடுகிறது. ஆகவே இந்தப் பெருக்கம் சுமார் 97 கிலோஹெர்ட்ஸில் எளிதாகக் கிடைக்கிறது. உச்சிக்கு இன்னும் நிறைய இடமும் இருக்கிறது. முழுப் பெருக்கமும் முழு மின்னோட்டமும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று அஞ்சித்தான் பலர் காந்தமாக்கும் தூண்டலைத் தேவையின்றிக் குறைக்கிறார்கள். சார்ஜரில் அந்த இரண்டும் சேர்ந்து வருவதே இல்லை. இந்த ஓரத்தில் கவனிக்க வேண்டியது டிரான்ஸ்பார்மர் உள்ளகம்: முதன்மைப் பக்கம் 16 கம்பிச்சுற்று, 8 சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்பு என்றால் ஒத்ததிர்வுப் புள்ளியில் காந்தப் பாய அடர்த்தி 0.1 டெஸ்லா அளவில் இருக்கும். 97 கிலோஹெர்ட்ஸில் அது 0.2 டெஸ்லா ஆகிவிடும்.

கீழ் ஓரம் 200 வோல்ட். பஸ் 650க்குக் கீழே இறங்க முடியாததால் பெருக்கம் 0.62 ஆக வேண்டும். முழு 50 ஆம்பியரில் அதிர்வெண்ணை 270 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றினால் கிடைக்கும். 5 ஆம்பியரில்? அதே அதிர்வெண்ணில் பெருக்கம் 0.9க்குக் கீழே இறங்க மறுக்கும். இன்னும் மேலே போனால் துணைச்சுற்றின் தற்போக்கான (நாம் வைக்காமலே சேர்ந்துவிடும்) மின்தேக்கம் குறுக்கே வந்து மின்னழுத்தம் மீண்டும் ஏறவும் கூடும். இதை எப்படியாவது அதிர்வெண்ணாலேயே சமாளிக்கிறேன் என்று முயலாதீர்கள். முழுப்பாலம் எனும் நான்கு மாஸ்ஃபெட் அமைப்பின் இரு கால்களுக்கும் இடையே கட்டம் நகர்த்தி, அதாவது இயங்கும் நேரத்தை முன்பின் தள்ளிக் குறையுங்கள். அதற்கும் கீழே போக, சிறிது ஓட்டிச் சிறிது நிறுத்தி என்று விட்டுவிட்டு ஓட்டுங்கள். சிசிஎஸ் எனும் வேகச் சார்ஜிங் முறையில் காரை இணைத்ததும் முதலில் கேபிளின் காப்புத் தன்மையைச் சோதிக்க வேண்டும். அப்போது சுமையே இல்லை. பிறகு சார்ஜரின் மின்னழுத்தம் பேட்டரிக்கு 20 வோல்ட் நெருக்கத்தில் வந்தால்தான் கார் தன் தொடர்பியை (பேட்டரியை இணைக்கும் சுவிட்சை) மூடும். அப்போதும் சுமை இல்லை. முழுச் சுமையில் அழகாக ஓடும் மாற்றி இந்த இரு படிகளில் தடுமாறிச் சார்ஜ் தொடங்காமலேயே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சுமையே இல்லாமல் நிலைத்து நிற்பதை முதல் நாளிலேயே சோதியுங்கள்.

சுழி மின்னழுத்த இயக்கமும் இந்த ஓரத்தில்தான் சோதிக்கப்பட வேண்டும். மாஸ்ஃபெட்டின் வெளியீட்டு மின்தேக்கமும் பலகையின் தற்போக்கு மின்தேக்கமும் சேர்த்து ஒன்றுக்கு 400 பிகோ ஃபாரட் என்று வையுங்கள். 650 வோல்ட்டில் ஒரு காலைத் திருப்ப 0.52 மைக்ரோ கூலும் வேண்டும். 270 கிலோஹெர்ட்ஸில் காந்தமாக்கும் மின்னோட்ட உச்சம் 3.7 ஆம்பியர். 140 நானோ நொடியில் வேலை முடிகிறது; டெட் டைம் (ஒரு காலின் இரு மாஸ்ஃபெட்டும் அணைந்திருக்கும் இடைவேளை) 180 நானோ நொடி வைத்தால் போதும். 100 மைக்ரோ ஹென்றி என்ற எண் வந்தது இந்தக் கணக்கிலிருந்துதான். சுழி இயக்கம் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு பெரிதாக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஒத்ததிர்வு மின்தேக்கியை அலட்சியமாக வாங்காதீர்கள். 300 வோல்ட், முழுத் திறனில் அதன் வழியே சுமார் 28 ஆம்பியர் ஓடுகிறது. குறுக்கே சில நூறு வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் நிற்கிறது. உறையில் 1000 வோல்ட் நேர்த்திசை என்று அச்சிட்ட பாலிபுரோப்பிலீன் மின்தேக்கிகூட 150 கிலோஹெர்ட்ஸில் அதில் சிறு பங்கைத்தான் தாங்கும். தரவுத்தாளில் அதிர்வெண்ணுக்கு எதிரே மாறுதிசை மின்னழுத்தம் காட்டும் வளைவரை இருக்கும், அதைப் பாருங்கள். 22 நானோ ஃபாரட் மின்தேக்கிகளை இரண்டிரண்டாகத் தொடரில் வைத்து, அப்படி எட்டு இணைகளை அடுக்கினால் 88 கிடைக்கும். ஒவ்வொன்றும் மின்னழுத்தத்தில் பாதியையும் மூன்றரை ஆம்பியரையும் மட்டும் சுமந்து நிம்மதியாக இருக்கும். பதினாறு மின்தேக்கி என்றால் இடம் பிடிக்கும்தான், பிடிக்கட்டும்.

காயில் சுற்றும்போது மெல்லிழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பியின் இழை 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். 150 கிலோஹெர்ட்ஸில் செம்பில் மின்னோட்டம் ஊடுருவும் ஆழமே 0.17 மில்லிமீட்டர்தான். டிரான்ஸ்பார்மரின் கசிவுத் தூண்டலையே தொடர் தூண்டியாகப் பயன்படுத்துவது இப்போது பலரும் விரும்பும் வழி. பாகம் ஒன்று மிச்சமாகிறது, உண்மை. ஆனால் மூடிய பெட்டிக்கு நான் தனித் தூண்டியைத்தான் பரிந்துரைப்பேன். கசிவுப் பாயம் அருகிலிருக்கும் கம்பியையும் தகட்டையும் சூடாக்கும். அந்த வெப்பத்தை வெளியேற்ற உங்களிடம் காற்று இல்லை. உள்ளகத்தின் காற்றிடைவெளியை ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று நான்காகப் பிரியுங்கள். டிரான்ஸ்பார்மரையும் தூண்டியையும் அலுமினியக் கிண்ணத்தில் வைத்து வெப்பம் கடத்தும் பிசினை ஊற்றிக் குளிர்தகட்டில் இறுக்குங்கள். வெப்பம் போக வழி, உப்புக்குத் தடை, இரண்டும் ஒரே வேலையில் முடியும். உள்ளகத்துக்கான பல ஃபெரைட் வகைகளில் இழப்பு 100 டிகிரி அருகே மிகக் குறைந்து, அதைத் தாண்டினால் மீண்டும் ஏறும். ஏறிய இழப்பு மேலும் சூடாக்கும், சூடு மேலும் இழப்பைக் கூட்டும். உள்ளகம் 100ஐத் தாண்டாதபடி வடிவமைத்து, அங்கே ஒரு வெப்ப உணரியும் புதையுங்கள்.

இரு எல்எல்சிகளும் ஒன்றுபோல் பிறப்பதில்லை. தூண்டியும் மின்தேக்கியும் ஐந்து சதவீதம் முன்பின் இருந்தால் ஒத்ததிர்வும் ஐந்து சதவீதம் வரை விலகும். இரண்டையும் ஒரே அதிர்வெண்ணில் இணையாக ஓட்டினால் ஒன்று பாரத்தை இழுக்கும், மற்றொன்று சும்மா வரும். தனித்தனி அதிர்வெண் கொடுத்தால் பகிர்வு சரியாகும். ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, காட்டாக 800 ஹெர்ட்ஸ், விம்மலாக வெளியீட்டில் தெரியும், காதிலும் விழும். மின்தேக்கிகளை அளந்து ஜோடி சேர்த்து, ஒரே அதிர்வெண்ணில் ஓட்டி, மிஞ்சும் வேறுபாட்டைக் கட்டம் நகர்த்திச் சமன் செய்வது என் வழக்கம். சிறு தொழிற்கூடத்துக்கு இது முடியும். ஒரு நாளில் ஆயிரம் செய்கிறவர்களுக்குத்தான் சிரமம்.

தொடரையும் இணையையும் மாற்றும் ரிலேக்கள் வாயு அடைத்து முத்திரையிட்ட வகையாக இருக்கட்டும். மின்னோட்டம் ஓடும்போது அவை மாறவே கூடாது. கார் கேட்கும் உச்ச மின்னழுத்தத்தைத் தொடக்கத்திலேயே வாங்கி, அதைப் பார்த்து முறையைத் தேர்ந்துவிடுங்கள். பலகைக்கு மாசு நிலை 3க்கு (கடத்தும் அழுக்கு படியக்கூடிய சூழலுக்கு) உரிய ஊர்வுத் தூரம், அதாவது மேற்பரப்பு வழியே தடங்களுக்கு இடையிலான தூரம் கொடுத்து, அதன் மேல் பூச்சும் பூசுங்கள். பூச்சு இருக்கிறதே என்று தூரத்தைக் குறைக்காதீர்கள். அலுமினியத் துடுப்பில் சாதாரண எஃகுத் திருகு போட்டால் இந்தக் கரையில் அந்த மூட்டு முதலில் போகும்.

முதல் மாதிரி தயாரானதும் பெட்டியோடு மண்டபத்தில் கடலைப் பார்த்து நிறுத்துங்கள். பகல் முழுவதும் முழுச் சுமையில் ஓட்டி, மாலையில் அணைத்துவிட்டு, மறுநாள் விடிவதற்கு முன் பெட்டி குளிர்ந்து பனி இறங்கிய நேரத்தில் காப்பு மின்தடையை அளந்து பாருங்கள். அப்போது கிடைக்கும் எண்தான் நம்பத்தக்கது. பகல் 12 மணிக்கு அளப்பது எல்லோருக்கும் நன்றாகவே வரும். அந்த அளவையும், உள்ளகத்தின் வெப்பநிலையையும், நீங்கள் வாங்கிய ஃபெரைட்டின் வகையையும் எழுதி அனுப்பினால், சுற்று அடுக்கையும் இடைவெளிப் பிரிப்பையும் கணக்கிட்டுத் தருகிறேன்.